தீக்காவலும் அயலார் கண்ணும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



பேத்தமங்களாவில் நின்று தீயைப் பற்றிப் பேசுவது பொருத்தமே. பாலாற்றைத் தேக்கிய இவ்வூர் நீர்நிலையன்றோ தங்கவயல் சுரங்கங்களுக்கும் குடியிருப்புகளுக்கும் தண்ணீர் அளித்தது! ஆயினும் நீர் அருகில் இருப்பதனால் மட்டும் தீ அணைந்துவிடாது. அதனை யார், எவ்வழியே கொண்டு செல்வது என்பதை முன்னரே வகுத்திருத்தல் வேண்டும். பெரிய நிறுவனங்களில் அவ்வாறு வகுப்பதற்கு வெளியிலிருந்து வரும் வல்லுநர் எங்ஙனம் துணையாவர் என்பதே இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள்.

சுரங்கத்தில் உழைத்த குடும்பங்களுக்கு இது புதிய செய்தி அன்று. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் சென்றது. நிலத்தடியில் தாங்கு மரங்களில் தீப்பற்றினால் சுடரைவிடப் புகையே கொடிய எமன். அதில் கலந்த கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. தீ எட்டாத இடத்திற்கும் காற்றோட்டம் அதனைக் கொண்டு சேர்த்துவிடும். இத்தகைய இடர்களைக் காக்கச் சுரங்க நிர்வாகத்தின் ஊழியர் மட்டும் போதார் என்று சட்டமே கருதியது. 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம், பகலிலும் இரவிலும் உள்ளே புகுந்து ஆராயும் உரிமையை அரசின் ஆய்வாளர்க்கு வழங்கிற்று.

2001இல் சுரங்கம் மூடப்பட்டது. இன்று நம் பிள்ளைகள் பலர் நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூர் சென்று மாடிக் கட்டடங்களில் பணிபுரிகின்றனர். ஆழம் போய் உயரம் வந்தது. புகையின் இயல்பு மாறவில்லை. 2010 பிப்ரவரி 23ஆம் நாள் அந்நகரின் கார்ல்டன் டவர்ஸ் கட்டடத்தில், மின்கம்பிகள் செல்லும் வழியில் எழுந்த புகை மேல்மாடிகளை நிறைத்தது. ஒன்பது உயிர்கள் மாண்டன. சென்னை மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. மாளிகை 1959இல் திறக்கப்பெற்றது. 1975 ஜூலை 11ஆம் நாள் எரிந்தது. பெருநிறுவனம் என்ற பெயர் தீக்குத் தடையாகாது.

உள்ளிருப்போர்க்கு அறிவில்லையா எனக் கேட்பீர்கள். அறிவு உண்டு, பழக்கம் அதனை மறைக்கிறது. படிக்கட்டில் அடுக்கிய பெட்டிகளை நாள்தோறும் தாண்டிச் செல்பவன் நாளடைவில் அவற்றைக் காண்பதில்லை. கண்டாலும் மேலதிகாரியிடம் சொல்லத் தயங்குவான். அயலாருக்கு அப்பழக்கமும் இல்லை, அத்தயக்கமும் வேண்டியதில்லை.

ஆனால் அவரை அழைத்துவிட்டால் மட்டும் கடமை முடிந்ததா? இல்லை. முதலாவதாக, தீயணைக்கும் கருவி விற்பவரே சோதிப்பவராகவும் இருத்தல் கூடாது. இரண்டாவதாக, அவர் மேலாளரின் அறையில் தேநீர் அருந்தித் திரும்பாமல், இரவுக் காவலாளியோடும் மின்பணியாளரோடும் கட்டடம் முழுவதும் நடத்தல் வேண்டும். எந்தக் கதவு பூட்டப்படுகிறது, சாவி எவரிடம் உள்ளது என்பதை அறிந்தவர் அவர்களே. மூன்றாவதாக, அவர் காட்டிய ஒவ்வொரு குறைக்கும் எதிரே, அதனை நீக்குபவர் பெயரும் நாளும் எழுதப்பெறல் வேண்டும். அந்நாள் கடந்தபின் அவர் மீண்டும் வந்து பார்த்தல் வேண்டும். இல்லையேல் அறிக்கை அலமாரியில் உறங்கும். வல்லுநர் வழி காட்டுவார், பொறுப்பை ஏற்கமாட்டார். பொறுப்பு என்றும் நிர்வாகத்தினுடையதே.

கும்பகோணத்தை நினையுங்கள். 2004 ஜூலை 16ஆம் நாள் அரசு உதவிபெற்ற ஒரு பள்ளியில் சமையற்கூடத்தில் எழுந்த தீ, கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகளைக் கொன்றது. ஏட்டில் அங்கீகாரம் இருந்தது. தலைக்கு மேல் கூரையோ கீற்றாக இருந்தது. சான்றிதழ் சுவரில் தொங்குவது வேறு; பாதுகாப்பு வேறு.

ஆதலின் இங்குள்ள பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். இன்றிரவே உங்கள் மகனையும் மகளையும் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: “நீ வேலை செய்யும் மாடியிலிருந்து இறங்க இரண்டாவது வழி எது? அக்கதவு திறந்திருக்கிறதா?” விடை தெரியாவிடில், நாளை பார்த்து வரச் சொல்லுங்கள். பூட்டியிருந்தால் நிர்வாகத்திடம் எழுத்தில் முறையிடச் சொல்லுங்கள். தனியொருவர் அஞ்சினால் பலர் சேர்ந்து கையொப்பம் இடட்டும்.

நம் சங்கமும் விழாப் பந்தல் அமைக்குமுன் தீயணைப்பு நிலையத்தாரை அழைத்துக் காட்டுவதை வழக்கமாக்கிக் கொள்ளட்டும். பிறர்க்குச் சொல்லும் அறிவுரையை முதலில் நாம் கடைப்பிடிப்போமாக!