குன்றின்மேல் ஒரு விடுதி



கடலோரக் குன்றின்மீது அமைந்த ஒரு பெருவிடுதியைப் பற்றி ஓய்வு பெற்ற தலைமையாசிரியன் ஒருவன் பேசப் புகுந்தால், 'இவருக்கும் அதற்கும் என்ன தொடர்பு?' என்று நீங்கள் எண்ணலாம். எண்ணுவதும் நியாயமே. நான் கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள திருமழபாடியில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் ஊரில் குன்றும் இல்லை, கடலும் இல்லை. ஆறு உண்டு, மணல் உண்டு, வைத்தியநாதர் கோயில் உண்டு. பங்குனித் திங்களில் நந்தியெம்பெருமானின் திருமணம் நடைபெறும்போது சுற்றுப்புற ஊர்களிலிருந்து மக்கள் வெள்ளம்போல் திரண்டு வருவர். அவர்களுக்குத் திண்ணையைப் பெருக்கிக் கொடுப்பதும், குடிக்க நீர்மோர் கொடுப்பதுமே நான் அறிந்த விருந்தோம்பல். வெளியூருக்குச் சென்றால் சத்திரத்தில் தங்குவேன். இல்லையேல் உறவினர் வீட்டில் பாயை விரித்துக்கொள்வேன்.

அத்தகைய நான் சென்ற ஆண்டு மூன்று நாள்கள், திருவனந்தபுரத்தை அடுத்த கோவளத்தில், அரபிக் கடலை நோக்கி நிற்கும் குன்றின்மேல் அமைந்த விடுதியில் தங்கினேன். என் பழைய மாணவர் ஒருவர் அங்கே தலைமைச் சமையலராக இருக்கிறார். 'ஐயா, ஒருமுறை வந்து தங்கிச் செல்லுங்கள்' என்று இரண்டு ஆண்டுகளாக அழைத்து வந்தார். நான் ஏதேதோ காரணம் சொல்லித் தட்டிக் கழித்தேன். உண்மைக் காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த இடத்தைச் சொல்லுகிறேன். கோவளத்தில் பாறைமுனைகள் கடலுக்குள் நீண்டு, கரையைப் பல பிறைகளாகப் பிரித்து வைத்திருக்கின்றன. அவற்றுள் ஒரு முனையின்மேல் 1932-ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரச குடும்பத்தார் ஒரு கடற்கரை மாளிகை கட்டினர். பின்னர் அது அரசின் கைக்கு வந்தது. அதை ஒட்டிய குன்றில் ஒரு விடுதி அமைக்கும் பொறுப்பு சார்லஸ் கொரியா என்னும் கட்டடக் கலைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. சபர்மதியில் காந்தி நினைவு அருங்காட்சியகத்தை வடிவமைத்தவர் அவர். 1969-க்கும் 1974-க்கும் இடையில் இந்த விடுதி உருவாயிற்று. 2002-இல் தனியார் கைக்கு மாறிற்று.

பெரிய விடுதி என்றவுடன் வானளாவிய ஒரு கட்டடத்தை நான் கற்பனை செய்திருந்தேன். அங்கே அப்படி ஒன்றும் இல்லை. கொரியா குன்றின் தலைமேல் கட்டடத்தை ஏற்றி வைக்கவில்லை. குன்றின் சரிவிலே அறைகளைப் படிப்படியாக இறக்கியிருக்கிறார். நம் ஊர்க் குளத்தின் படித்துறையை நினைத்துக்கொள்ளுங்கள். மேல்படியில் நிற்பவரின் பார்வையைக் கீழ்ப்படியில் நிற்பவர் மறைப்பதில்லை அல்லவா? அதுபோல ஒவ்வோர் அறைக்கும் முன்னால் ஒரு சிறு வெயில்முற்றம். ஒவ்வொரு முற்றத்துக்கும் முழுக் கடல். வெள்ளைச் சுவரும் செம்மண் ஓடும் அந்நாட்டு வீடுகளின் மரபிலிருந்தே எடுக்கப்பட்டவை. கீழே மணலில் வலை உலர்த்துபவர் அண்ணாந்து பார்த்தால், குன்றுதான் முதலில் தெரிகிறது.

விடியற்காலையில் அந்த முற்றத்தில் அமர்ந்திருந்தேன். நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று வீசிற்று. நண்பகலில் அதே காற்று திசை மாறிக் கடலிலிருந்து ஏறி வந்தது. பகலில் நிலம் விரைவில் சூடேறுகிறது. அதன்மேலுள்ள காற்று இலேசாகி எழ, குளிர்ந்த கடற்காற்று அவ்விடத்தை நிரப்ப வருகிறது. இரவில் நிலம் விரைவில் குளிர, ஓட்டம் எதிர்த்திசையில் நிகழ்கிறது. இதை முப்பத்துநான்கு ஆண்டுகள் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கியவன் நான். என் தோளின்மேல் உணர்ந்தது அன்றுதான்.

தென்திசையில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டிய ஒரு கலங்கரை விளக்கம் தெரிந்தது. 1972 முதல் ஒளிவீசி வரும் விழிஞம் கலங்கரை விளக்கம் அது. அதற்கப்பால் 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட புதிய துறைமுகம். விழிஞம் என்ற பெயரைக் கேட்டதும் எனக்கு மெய்சிலிர்த்தது. ஆய் வேளிரின் பழந்துறை அது. கடலையே அகழியாகக் கொண்ட அவ்வூரை முதலாம் இராசராசனின் படை வென்றதைத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் கூறுகின்றன. அதே இராசராசன்தான் எங்கள் திருமழபாடிக் கோயிலைப் புதுப்பிக்க ஆணையிட்டவன். ஓர் ஊரில் வாள் வந்தது. ஓர் ஊரில் உளி வந்தது. இரண்டையும் அனுப்பியவன் ஒருவனே.

இரண்டாம் நாள் இரவு, சமையற்கூடத்து வேலை முடிந்தபின், என் மாணவர் முற்றத்துக்கு வந்து அமர்ந்தார். எனக்கோ ஒரு சங்கடம். ஐம்பது வயதைக் கடந்து, நாற்பது பேரை நிருவகிக்கும் ஒருவரை 'நீ' என்பதா, 'நீங்கள்' என்பதா? என் தடுமாற்றத்தைக் கண்டு அவரே சிரித்தார். "நீ என்றே சொல்லுங்கள் ஐயா. ஊரில் அப்படிக் கூப்பிட இப்போது ஆள் குறைந்துவிட்டது" என்றார்.

அவர் முன்னர்ப் பல ஆண்டுகள் பயணக் கப்பல்களில் சமையல் வேலை பார்த்தவர். "ஐயா, இந்தக் குன்றைப் பார்த்து வியக்கிறீர்களே, கிரேக்க நாட்டில் சாந்தோரினி என்று ஒரு தீவு இருக்கிறது. அங்கே ஊர் முழுவதுமே இப்படித்தான் மலைவிளிம்பில் தொங்குகிறது" என்று சொல்லத் தொடங்கினார். அவர் கண்டு சொன்னதை, ஊர் திரும்பியபின் நான் படித்தறிந்தவற்றோடு சேர்த்து உங்களுக்குக் கூறுகிறேன்.

தீரா என்னும் பழம்பெயர் கொண்ட அத்தீவு, ஈஜியன் கடலில் உள்ளது. ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முன் அங்கே ஓர் எரிமலை பேரோசையுடன் வெடித்தது. அதன் நடுப்பகுதி உள்ளே இடிந்து விழ, அப்பள்ளத்தில் கடல் நின்றது. எஞ்சிய விளிம்புதான் இன்றைய தீவு. சில இடங்களில் முந்நூறு மீட்டர் அளவுக்குச் செங்குத்தாக எழும் அவ்விளிம்பின்மேல் ஊர்கள் அமைந்திருக்கின்றன. தீவின் தென்பகுதியில் அக்ரோத்திரி என்னும் இடத்தில், சாம்பலுக்கடியில் புதைந்த ஒரு நகரை ஸ்பிரிடன் மரினாட்டோஸ் 1967 முதல் அகழ்ந்து கண்டார். மாடி வீடுகளும், கழிவுநீர்க் கால்வாய்களும், வண்ணச் சுவரோவியங்களும் வெளிப்பட்டன. பாம்பியில் கிடைத்ததுபோல மடிந்த மக்களின் உடல்கள் அங்கே கிடைக்கவில்லை. நிலம் தந்த முன்னறிவிப்பை மதித்து மக்கள் முன்னரே வெளியேறியிருக்க வேண்டும் என்று அறிஞர் கருதுகின்றனர்.

இன்று செல்வர்கள் தங்கும் அத்தீவின் குகை அறைகள், ஒரு காலத்தில் எளிய மக்களின் வீடுகள். கப்பல் தலைவர்கள் மேலே மாளிகை கட்டி வாழ்ந்தனர். மாலுமிகளும் கூலியாள்களும் எரிமலைச் சாம்பல் இறுகிய மென்பாறையைக் குடைந்து, வளைகூரை அமைத்து, சுண்ணாம்பு பூசி வாழ்ந்தனர். மரம் அரிதான நாட்டில் குடைவது மலிவு. கோடையில் குளிர்ச்சி, குளிர்காலத்தில் வெதுவெதுப்பு. அங்கே ஆறு கிடையாது. கூரையில் விழுந்த மழைநீரை வீட்டுக்கடியில் தொட்டி கட்டிச் சேர்த்துக் குடித்தனர்.

1956-ஆம் ஆண்டு சூலை 9-ஆம் நாள் பெரும் நிலநடுக்கம் அத்தீவை உலுக்கியது. ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர்; வீடிழந்த பலர் தீவையே விட்டுச் சென்றனர். அதே ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள்தான், மருதையாற்று வெள்ளத்தில் பாலம் சிதைந்து, அரியலூருக்கருகே இரயில் கவிழ்ந்து, நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்த ஆண்டை எங்கள் முதியோர் பெருமூச்சில்லாமல் சொன்னதில்லை. கடல்கடந்த ஒரு தீவில் அதே ஆண்டை அப்படியே சொல்லும் முதியோர் இருந்திருப்பர் என்பது என் நெஞ்சைத் தொட்டது.

கைவிடப்பட்ட அவ்வீடுகளைக் கிரேக்க அரசின் சுற்றுலா நிறுவனம் 1970-களின் நடுவிலிருந்து செப்பனிட்டு விருந்தினர் இல்லங்களாக்கியது. இடித்துவிட்டுப் புதுக்கட்டடம் எழுப்பவில்லை. குகையைக் குகையாகவே வைத்துப் புதுப்பித்தது. தனியாரும் அவ்வழியைப் பின்பற்றினர். இன்று ஆண்டுதோறும் முப்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் அங்கு வருகின்றனர். தீவில் வாழ்வோரோ பல்லாயிரவரே. தண்ணீருக்குக் கடல்நீரைச் சுத்திகரிக்க வேண்டியிருக்கிறது. 2025 பிப்ரவரியில் அடுத்தடுத்து நில அதிர்வுகள் ஏற்பட்டபோது பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் தற்காலிகமாக வெளியேறினர். அழகான விளிம்பில் வாழ்வதற்கும் ஒரு விலை உண்டு.

மாணவர்களே, நில மாற்றத்தைக் காண நீங்கள் கிரேக்கம் வரை செல்ல வேண்டியதில்லை. எங்கள் அரியலூர்ப் பகுதி ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் கிடந்தது. அக்கடலில் வாழ்ந்த சுருள்சிப்பி உயிர்களின் கல்லுருக்களை இன்றும் அங்கே காணலாம். அக்கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக் கல்லிலிருந்துதான் அரியலூரின் சிமெண்டு உருவாகிறது. தீராவில் மலை இருந்த இடத்தில் கடல் நிற்கிறது. எங்கள் மண்ணில் கடல் இருந்த இடத்தில் சோளமும் முந்திரியும் நிற்கின்றன.

இதை நான் சொல்லக் கேட்ட என் மாணவர், "சிப்பிக்கல் பாடம் நினைவிருக்கிறது ஐயா. அதைவிடக் கல்வெட்டுப் பாடம் நன்றாக நினைவிருக்கிறது" என்றார்.

அது என்ன பாடம்? இராசராசன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏறத்தாழ 1013-இல், திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் பிரித்துக் கட்ட ஆணையிட்டான். பழைய சுவர்களில் முன்னோரின் கொடைகளைக் கூறும் கல்வெட்டுகள் இருந்தன. சுவரை இடித்தால் அவை அழியும். ஆகவே முதலில் அவற்றைப் புத்தகத்தில் படியெடுத்தனர். புதிய விமானம் எழுந்தபின், முதலாம் இராசேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில், அவற்றை மீண்டும் கல்லில் பொறித்தனர். விளக்கெரிக்க ஆடு கொடுத்த எளியவனின் கொடையாயினும், புதுமையின் பெயரால் அதை அழிக்க அவர்கள் ஒப்பவில்லை. இந்தப் பாடத்தை நான் ஆண்டுதோறும் பெருமிதத்துடன் நடத்துவேன்.

இனி, நான் அங்குச் செல்லத் தயங்கிய காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். 1989-இல் அவர் பத்தாம் வகுப்பில் என் மாணவர். ஒரு மாதம் தொடர்ந்து பள்ளிக்கு வரவில்லை. கணக்கில் பின்தங்கியவர், சமையற்காரரின் மகன். 'இவன் படிக்கப் போவதில்லை. கரண்டிதான் பிடிப்பான்' என்று வகுப்பறையில் எல்லோர் முன்னிலையிலும் சொல்லி, வருகைப் பதிவேட்டில் அவர் பெயரின்மேல் சிவப்பு மையால் கோடு இழுத்தேன். பயிற்சிக் கல்லூரியில் எனக்குக் கற்பித்த விதிப்படி அது சரியே. எத்தனை நாள் வராவிட்டால் பெயரை நீக்கலாம் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. நீக்குமுன் வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

அன்றிரவு அதை நானே எடுத்துச் சொன்னேன். அவர் சிறிது நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த மாதம் அப்பா காய்ச்சலில் கிடந்தார் ஐயா. திருமண வீடுகளுக்கு முன்பணம் வாங்கியிருந்தார். அவருக்குப் பதிலாக நான் சமைக்கப் போனேன். நீங்கள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. ஆனால் 'பரவாயில்லை' என்றும் அவர் சொல்லவில்லை. சொல்லாததே முறை என்று எனக்குப்பட்டது.

பிறகு எழுந்து சென்று ஒரு பழைய குறிப்பேட்டைக் கொண்டுவந்து காட்டினார். அவர் அச்சமையற்கூடத்தின் பொறுப்பை ஏற்றபோது, ஓய்வு பெறவிருந்த உள்ளூர்ச் சமையலர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்து, அவர்கள் கைப்பக்குவத்தை எழுதிக்கொண்டாராம். மீன்குழம்புக்குக் குடம்புளி எவ்வளவு, மரவள்ளிக்கிழங்கை எத்தனை முறை வேகவைத்து நீரை வடிக்க வேண்டும் என்பன எல்லாம், சொன்னவர் பெயருடன் அதில் இருந்தன. "புதிய பட்டியல் போடுவதற்குமுன் பழையதைப் படியெடுத்து வைத்தேன் ஐயா. மழபாடிக்காரன் அல்லவா?" என்றார்.

என் பாடத்தை நான் சொன்னேன், அவர் செய்திருந்தார்.

நீங்கள் நாளை பொறியாளர் ஆகலாம், மருத்துவர் ஆகலாம், ஆசிரியரும் ஆகலாம். பழைய சுவரை இடிக்கும் உரிமையும், பட்டியலில் ஒரு பெயரை அடிக்கும் உரிமையும் உங்கள் கைக்கு வரும். இடிக்க வேண்டியதை இடிக்கத்தான் வேண்டும். ஆயினும் கோடு இழுக்குமுன் ஒருமுறை கேளுங்கள். அந்தக் கேள்விக்கு ஆகும் காலம் ஒரு நாழிகைகூட இல்லை. கேளாமல் விட்டதை எண்ணி நான் கழித்த காலமோ முப்பத்தாறு ஆண்டுகள்.

மூன்றாம் நாள் காலை விடைபெற்றேன். விடுதி வாயிலில் அவர் என் பையில் ஒரு பொட்டலத்தை வைத்தார். இரயிலில் பிரித்துப் பார்த்தேன். நந்திக் கல்யாணத்தன்று எங்கள் ஊரில் கட்டித் தரும் புளியோதரை. அவர் தந்தையின் கைமணம் அதில் அப்படியே இருந்தது.