ஆப்பிரிக்கப் பெண்பிள்ளைகளும் எச்.ஐ.வி. தடுப்பும்: யாரிடம் அனுமதி கேட்பது?

(உலக எய்ட்ஸ் நாளையொட்டி நடந்த இளைஞர் அணி – மகளிர் அணி பயிலரங்கில், தகவல் தொழில்நுட்ப அணித் தன்னார்வலர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



தலைப்பைச் சொன்னதுமே அண்ணன் ஒருத்தர், "ஏன் தம்பி, பொம்பளப் பிள்ளைங்க இருக்கிற கூட்டத்துல இதையெல்லாமா பேசுறது?"ன்னு கேட்டார். அவங்க இருக்கிறதாலதான் அண்ணே பேசணும். 2023-ல் உலகம் முழுக்க ஒவ்வொரு வாரமும் 15 முதல் 24 வயசுக்குள்ள இருக்கிற சுமார் 4,000 பெண்களுக்குப் புதுசா எச்.ஐ.வி. தொற்று வந்தது. அதில் 3,100 பேர் சஹாராவுக்குத் தெற்கே இருக்கிற ஆப்பிரிக்க நாடுகளைச் சேர்ந்தவங்க. ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பு தந்த கணக்கு இது. அந்தப் பகுதியில அதே வயசுப் பையன்களைவிட பெண்களுக்கு மூணு மடங்குக்கும் மேல தொற்று வருது.

ஒரே ஊர், ஒரே பள்ளிக்கூடம், ஒரே வயசு. அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துல குவாரைஷா அப்துல் கரீம்னு ஒரு விஞ்ஞானி இருக்காங்க. 1990-களின் தொடக்கத்திலிருந்தே இந்தக் கேள்வியைத் துரத்துறவங்க. அவங்களும் கணவர் சலீம் அப்துல் கரீமும் நடத்துற ஆய்வு மையம், தொற்று யாரிடமிருந்து யாருக்குப் போகுதுன்னு வைரஸோட மரபணுவை வச்சே கண்டுபிடிச்சது. 2016-ல் முடிவு வெளிவந்தது. 25 வயசுக்குக் கீழ இருக்கிற பெண்களுக்குத் தொற்று வந்தது வகுப்புப் பையன்கள்கிட்டேருந்து இல்ல. சராசரியா எட்டு, ஒன்பது வயசு மூத்த ஆண்கள்கிட்டேருந்து. அந்த ஆண்களுக்கோ அவங்க வயசையொத்த பெண்கள்கிட்டேருந்து வந்திருந்தது. இன்னைக்குத் தொற்று வாங்குற சின்னப் பொண்ணு பத்து வருஷத்துல அந்த வயசுக்கு வந்துடுவா. சக்கரம் அப்படியே சுத்துது.

அந்த மூத்த ஆளுக்கு அங்கே ஒரு பட்டப்பேரே இருக்கு, 'ப்ளெஸ்ஸர்'. அருள் பாலிக்கிறவராம்! பஸ் காசு, போன் ரீசார்ஜ், ஸ்கூல் ஃபீஸ், சில வீடுகள்ல ராத்திரி சாப்பாடு வரைக்கும் அவர் தயவுதான். அந்த இடத்துல ஒரு பதினேழு வயசுப் பொண்ணு "ஆணுறை இல்லாம வேண்டாம்"னு சொல்ல முடியுமா? ஆணுறை நல்ல பொருள்தான், நான் குறை சொல்லல. ஆனா அது வேலை செய்யணும்னா அந்த ஆள் சம்மதிக்கணும். இன்ஜினியரிங்ல 'சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர்'னு படிப்போம். ஒரே ஒரு இடத்துல பழுதானா மொத்த சிஸ்டமும் படுத்துடும். இங்க அந்த ஒரு இடம், அந்த ஆம்பளையோட விருப்பம்.

(கர்ப்பத்தடையை மத்தவங்க வறுமைக்காகவும் தாயின் உடல்நலத்துக்காகவும் ஆதரிச்சப்ப, பெண்ணோட விடுதலைக்காகவே அது வேணும்னு தந்தை பெரியார் எழுதினார். இந்தப் பேச்சுக்குத் தயாராகும்போது அதுதான் ஞாபகம் வந்துக்கிட்டே இருந்தது.)

ஆக, யார்கிட்டயும் கேட்காம அந்தப் பொண்ணு தானே பயன்படுத்துற பாதுகாப்பு வேணும். குவாரைஷா குழு 2010-ல் ஒரு ஜெல்லைச் சோதிச்சு, தொற்று 39 சதவீதம் குறைஞ்சதுன்னு காட்டினாங்க. பின்னாடி நடந்த பெரிய ஆய்வுல அது எடுபடல. அடுத்து தினம் ஒரு மாத்திரை. சாப்பிட்டா வேலை செய்யும். ஆனா மாத்திரை டப்பாவை எங்க வைக்கிறது? பையில வச்சா குலுங்கிச் சத்தம் கேட்கும். அம்மா பார்த்தா ஒரு கேள்வி, அந்த ஆள் பார்த்தா அடி. பலரால தொடர்ந்து சாப்பிடவே முடியல.

2024-ல் வந்த செய்திதான் எல்லாத்தையும் மாத்துச்சு. லெனகாபவிர்னு ஒரு ஊசி, வருஷத்துக்கு ரெண்டே தடவை. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 16 முதல் 25 வயசுப் பெண்கள் 5,300 பேருக்கு மேல வச்சுச் சோதிச்சாங்க. ஊசி போட்டுக்கிட்டவங்க 2,134 பேர். அதில் தொற்று வந்தவங்க பூஜ்யம். ஆமாம் தோழர், ஒருத்தர்கூட இல்ல. தினசரி மாத்திரை கொடுக்கப்பட்ட ரெண்டு குழுக்களையும் சேர்த்து 55 பேருக்குத் தொற்று வந்தது. ஊசி போட்டுட்டு வந்துட்டா ஒளிச்சு வைக்க ஒண்ணுமில்ல.

ஊசி வந்தாச்சு, பிரச்சினை தீர்ந்ததுன்னு கிளம்பிடாதீங்க. பெரிய விஷயம் பள்ளிக்கூடத்துல இருக்கு. போட்ஸ்வானா 1996-ல் ஒரு மாற்றம் செஞ்சது. பத்தாம் வகுப்பை மேல்நிலையிலிருந்து எடுத்து இடைநிலைப் பள்ளியோட சேர்த்தது. நிறையப் பிள்ளைங்க கூடுதலா ஒரு வருஷம் படிச்சாங்க, அவ்வளவுதான். எய்ட்ஸுக்காகப் போட்ட திட்டமே இல்ல அது. பல வருஷம் கழிச்சு ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தப்ப, அந்த ஒரு வருஷப் படிப்பு எச்.ஐ.வி. தொற்றைச் சுமார் 8 சதவீதப் புள்ளி குறைச்சிருந்தது. பெண்கள்கிட்ட கிட்டத்தட்ட 12.

மலாவியில சோம்பாங்கிற மாவட்டத்துல, கல்யாணம் ஆகாத இளம்பெண்களுக்கும் அவங்க குடும்பத்துக்கும் மாசம் ஒரு சின்னத் தொகை கொடுத்துப் பார்த்தாங்க. பொண்ணு கையில தனியா ஒரு பங்கு, வீட்டுக்குத் தனியா ஒரு பங்கு. ஒன்றரை வருஷம் கழிச்சுப் பார்த்தா, பணம் வாங்கினவங்கள்ல 1.2 சதவீதம் பேருக்குத் தொற்று, வாங்காதவங்கள்ல 3 சதவீதம். மூத்த ஆளைத் தேடிப் போற தேவை குறைஞ்சது. உண்மையைச் சொல்லணும், தென்னாப்பிரிக்காவில் இதேபோல செஞ்சப்ப பணத்தால வித்தியாசம் வரல. ஏன்னா அங்க பணம் வாங்காத பிள்ளைங்களும் ஏற்கெனவே பள்ளிக்குப் போய்க்கிட்டுத்தான் இருந்தாங்க. அந்த ஆய்விலும், படிப்பை விடாம இருந்த பொண்ணுங்களுக்குத் தொற்று குறைவு.

இவ்வளவு தெரிஞ்ச பிறகும் அரசியல் என்ன செஞ்சதுன்னு பாருங்க. 2017-ல் தான்சானியா அதிபர் மகுஃபுலி, கர்ப்பமான மாணவிக்குப் பள்ளிக்கூடத்துல இடமில்லைன்னு பொதுக்கூட்டத்துலயே அறிவிச்சார். எந்தக் கதவு அவளைக் காப்பாத்துமோ அதையே சாத்தினார். கர்ப்பமாக்கினவன் யாரு, அவன் வயசென்ன? அதைப் பத்தி இந்த வேகம் இல்ல. சியரா லியோன்லயும் 2015-ல் இதே தடை. அங்கே பெண்கள் அமைப்புகள் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் நீதிமன்றம் வரைக்கும் போய் 2019-ல் ஜெயிச்சாங்க, 2020-ல் தடை போச்சு. தான்சானியாவில் 2021 நவம்பர்ல, சாமியா சுலுஹு ஹசன் அதிபரா இருந்தப்பதான் கதவு திறந்தது.

அடுத்தது இன்னும் கொடுமை. 2025 ஜனவரியில அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வச்சது. பிறகு எச்.ஐ.வி. பணிகளுக்கு ஒரு விலக்கு வந்தது. அந்த விலக்குல தடுப்பு மருந்து யாருக்குன்னா, கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுற தாய்மாருக்கும் மட்டும். அதாவது அந்தப் பதினேழு வயசுப் பொண்ணு அந்தப் பணத்துல மருந்து வாங்கணும்னா முதல்ல கர்ப்பமாகணும். தான்சானியாவில் கர்ப்பமானா வெளிய போ. இங்க கர்ப்பமானாத்தான் உள்ள வா. ரெண்டு உத்தரவையும் போட்டவங்க அவகிட்ட ஒரு வார்த்தை கேட்கல.

இப்போ விலைக்கு வருவோம். அந்த ஊசிக்கு 2025-ல் அமெரிக்காவில் ஒரு வருஷத்துக்கு 28,218 டாலர். நம்ம பக்கத்து ஊர் ஹைதராபாத்தைச் சேர்ந்த ஹெட்டெரோ, டாக்டர் ரெட்டீஸ் ரெண்டு கம்பெனியும் 2027-லிருந்து ஏழை நாடுகளுக்கு 40 டாலருக்குத் தர ஒப்பந்தம் ஆகியிருக்கு. 2001-லயும் இதான் நடந்தது. வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல வித்த எய்ட்ஸ் கூட்டு மருந்தை 350 டாலருக்குத் தர்றேன்னு மும்பையின் சிப்லா சொன்னதுக்கு அப்புறம்தான் ஆப்பிரிக்காவுக்கு மருந்து போற வழி திறந்தது.

2025 நவம்பர்ல, லெனகாபவிர் முதல் தவணை சாம்பியாவுக்கும் எஸ்வாட்டினிக்கும் போய்ச் சேர்ந்தது. மூணு வருஷத்துல 20 லட்சம் பேருக்குத் தர்றதா அப்போ இலக்கு வச்சிருந்தாங்க. அந்த வரிசையில பள்ளிச் சீருடையோட ஒரு பொண்ணு வந்து நின்னா, "அப்பா அம்மா கையெழுத்து எங்கே?"ன்னு கேட்டுத் திருப்பி அனுப்புவாங்களா, இல்ல ஊசி போட்டு அனுப்புவாங்களா? தென்னாப்பிரிக்கச் சட்டத்துல 12 வயசானா எச்.ஐ.வி. பரிசோதனைக்குப் பிள்ளையோட சம்மதமே போதும். பல நாடுகள்ல இன்னும் அந்த நிலை வரல. அங்கங்க இருக்கிற பெண்கள் அமைப்புகள் இப்போ அதுக்காகத்தான் தங்கள் நாடாளுமன்றங்களோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்காங்க.

கேள்வி இருந்தா கேளுங்க. அக்காக்கள் முதல்ல.