எண்ணெய் விழுந்தால் கூலி ஏன் நிற்க வேண்டும்?



சென்ற வாரம் இதே ஊரில் ஒரு பொருளாதாரப் பேராசிரியர் பேசினார். எண்ணெயை நம்பிய நாட்டில் விலை விழுந்தால் வரவு விழுமாம், வரவு விழுந்தால் செலவு விழுமாம், செலவு விழுந்தால் வளர்ச்சி விழுமாம். இதில் யாரையும் குறை சொல்ல முடியாதாம்! அவருக்குச் சம்பளம் ஒரு நாள் தள்ளிப்போனால் மறுநாளே வாசலில் கொடி பறக்கும். சவூதியின் ஜித்தாவிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய ஒரு ஷட்டரிங் ஆசாரி அந்த மண்டபத்தின் கடைசி வரிசையில் இருந்தார். அவருடைய கூலி எங்கே?

2014 ஜூனில் கச்சா எண்ணெய் பீப்பாய் 110 டாலருக்கு மேல் விற்றது. 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே போனது. சவூதி அரசின் வரவில் பெரும்பகுதி எண்ணெய்ப் பணம். 2015இல் பட்ஜெட்டில் துண்டு 36,700 கோடி ரியால். எல்லாம் உண்மைதான். ஆனால் அதே 2015 ஜனவரியில், விலை பாதிக்கும் கீழே விழுந்து கிடந்தபோது, புதிதாக அரியணை ஏறிய மன்னர் சல்மான் அரசு ஊழியர்களுக்கு இரண்டு மாதச் சம்பளத்தை போனஸாகக் கொடுத்தார். அதற்குப் பணம் இருந்தது! அந்த ஆண்டு முடிவில் அந்நியச் செலாவணி கையிருப்பு 60,000 கோடி டாலரைத் தாண்டி நின்றது. அதுவும் இருந்தது! கட்டட ஒப்பந்தக்காரரின் பில்லுக்கு மட்டும் பணம் வரவில்லை. ஒப்பந்தக்காரர் கூலியில் கை வைத்தார்.

ஆசாரி என்னிடம் சொன்னார்: கேம்ப்பில் மெஸ்ஸை மூடிவிட்டார்கள். குடியிருப்பு அனுமதியான இக்காமா முடிந்துவிட்டது, வெளியே போனால் போலீஸ். ஊருக்கு வரவும் ஸ்பான்சரான கபில் எக்ஸிட் விசா அடித்தாக வேண்டியிருந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் சவூதியில் சாப்பாட்டுக்குத் தவிப்பதாக 2016இல் நம் அப்போதைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா சுவராஜே சொன்னார். பாலைவன வெயிலில் கோபுரம் எழுப்பியவனைப் பட்டினி போட்டுவிட்டு வளர்ச்சி விகிதம் பேசுகிறீர்களே, நெஞ்சு கூசவில்லையா? கூலி எங்கே?

இன்னொன்று கேளுங்கள். 2016 செப்டம்பரில் சவூதி அரசு ஊழியர்களின் படிகளை வெட்டினார்கள். 2017 ஏப்ரலில் திருப்பிக் கொடுத்தார்கள். ஏழே மாதம்! நம் ஆள் இத்தனை வருடமாகக் காத்திருக்கிறான்.

நார்வேக்காரனும் எண்ணெய்தான் விற்கிறான். 1990இல் சட்டம் போட்டுத் தனி நிதி தொடங்கினான், அரசு அதிலிருந்து அளந்துதான் எடுக்கிறது. விலை ஏறும் காலத்தில் அள்ளி வீசிவிட்டு, இறங்கும் காலத்தில் ஏழையின் பையில் கை விடுவது இயற்கை விதி இல்லை. அது ஆள்பவர்கள் எடுக்கும் முடிவு.

பிலிப்பைன்ஸ் அதிபர் மார்கோஸ் 2022 நவம்பரில் சவூதி பட்டத்து இளவரசரைச் சந்தித்தார். பத்தாயிரம் பிலிப்பைன்ஸ் தொழிலாளரின் பழைய பாக்கிக்கு 200 கோடி ரியால் தருவதாக வாக்குறுதி வாங்கிவந்தார். நம் பிள்ளைகளுக்காக நம் அரசும் கேட்க வேண்டும், விடாமல் கேட்க வேண்டும்.

வேலை ஒப்பந்த நகலோ, இக்காமா நகலோ, சம்பளச் சீட்டோ எது இருந்தாலும் சரி, நாளைக் காலைக்குள் சங்க அலுவலகத்தில் கொண்டுவந்து கொடுங்கள். பெயர், கம்பெனி, பாக்கித் தொகை மூன்றையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அந்தப் பட்டியலோடு கலெக்டர் அலுவலகத்துக்குப் போவோம்!