பல மொழிப் பங்கில் வழிபாட்டு ஒழுங்கு



கத்தோலிக்கத் திருச்சபையில் ஒரு குருவின் பொறுப்பில் விடப்பட்ட மக்கட் பிரிவைத் தமிழில் 'பங்கு' என்கிறோம். கன்னட நாட்டு நண்பர்கள் அதனையே 'தர்மகேந்திர' என்பர். இரண்டும் நல்ல சொற்களே. ஆயினும் நம் சொல்லுக்கு ஒரு தனிப் பொருத்தம் உண்டு. பங்கு என்றால் கூறு. பங்கு என்றால் உரிமை. உரிமையுடையோர் பலராக இருக்குமிடத்தில் பங்கீடு வேண்டும். பங்கீடு ஒழுங்காக அமையாவிடில் வழக்கு எழுவது இயல்பு. பெங்களூரில் உள்ள பல பங்குகளில் ஞாயிறுதோறும் பங்கிடப்பட வேண்டிய பொருள் ஒன்றே: நேரம். பீடம் ஒன்று, காலைப் பொழுது ஒன்று, மொழிகளோ தமிழ், கன்னடம், ஆங்கிலம், கொங்கணி, மலையாளம் எனப் பல. இவற்றுக்கிடையே வழிபாட்டை எவ்வாறு திட்டமிடுவது என்பதைச் சிறிது ஆராய்வோம். வெளிமாநிலத்தில் வாழும் தமிழர் எச்சமயத்தவராயினும் இச்சிக்கல் அவர்களுக்குப் புதியதன்று.

1809-ஆம் ஆண்டு பெங்களூரில் ஆங்கிலேயரின் படைப்பாசறை ஏற்பட்டது. 'தண்டு' என்று மக்கள் வழங்கிய அப்பகுதிக்குச் சென்னைப் படையைச் சார்ந்தும், வணிகத்தையும் கைத்தொழிலையும் நாடியும் தமிழர் பலர் வந்தனர். இன்று சிவாஜிநகர் எனப்படும் பகுதிக்கு அந்நாளில் 'பிளாக்பள்ளி' என்று பெயர். செஞ்சிப் பக்கத்திலிருந்து குடியேறிய தமிழ்க் கிறிஸ்தவர்கள் அங்கே கீற்றுக் கொட்டகையில் வழிபட்டனர் என்றும், 1818-இல் அபே துபுவா என்னும் பிரெஞ்சுக் குரு சிறு கோவில் ஒன்றைக் கட்டினார் என்றும் அவ்வாலயத்தின் வரலாறு கூறும். இப்பொழுது அங்கு விளங்கும் மரியன்னை ஆலயம் 1882-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள் அர்ச்சிக்கப்பட்டது. பின்னர்ப் பசிலிக்கா என்னும் சிறப்பையும் பெற்றது. ஆண்டுதோறும் ஆகஸ்டு 29-இல் அங்கே கொடி ஏறுகிறது. செப்டம்பர் 8-இல் தேர் ஓடுகிறது. வேளாங்கண்ணியில் கொடியேறுவதும் திருநாள் நடப்பதும் அதே நாள்களில்தான். காவியுடை தரித்து நடந்துவரும் பக்தர்களைக் காணும்பொழுது, காவிரிக் கரையோரத்துப் பழக்கம் ஒன்று மைசூர் மேட்டுநிலத்தில் வேரூன்றியிருப்பது விளங்கும்.

அக்காலத்தில் மொழிச் சிக்கல் எழ இடமே இருக்கவில்லை. 1570-ஆம் ஆண்டு ஐந்தாம் பத்திநாதர் வெளியிட்ட பூசைப் புத்தகத்தின்படி பெரும்பாலான இடங்களில் இலத்தீனிலேயே பலிபூசை நடைபெற்றது. குரு பீடத்தை நோக்கி நின்று இலத்தீனில் செபிப்பார். மக்கள் பின்னால் முழந்தாளிட்டுத் தமிழில் செபமாலை சொல்வர். ஞாயிற்றுக்கிழமைகளில் 'முழுப் பூசை காண்பது' கடமை என்பது பழைய ஞானோபதேசம் கற்பித்த கட்டளை. 'காண்பது' என்ற அந்த வினைச்சொல்லைக் கவனிக்கவேண்டும். கூடியிருந்தோர் கண்டனர், நடத்தியவர் ஒருவர். எல்லோர்க்கும் ஒரேயளவில் புரியாத மொழி, எவர்க்கும் பொறாமை உண்டாக்காத மொழியாகவும் இருந்தது.

இந்நிலை 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் மாறியது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய தன் சாசனத்தை அன்று நிறைவேற்றியது. ஆதரவாக 2147 வாக்குகள், எதிராக நான்கே. இறைமக்கள் பார்வையாளராக இராமல், உணர்ந்தும் ஈடுபட்டும் வழிபாட்டில் பங்கேற்க வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. வட்டார மொழிகளுக்குக் கதவு திறந்தது. 1969-இல் ஆறாம் பவுல் பாப்பரசர் புதிய திருப்பலி ஒழுங்கை அறிவித்தார். 'காண்பது' போய்ப் 'பங்கேற்பது' வந்தது.

இம்மாறுதலை இந்திய மண்ணுக்கு ஏற்ப அமைத்ததில் பெங்களூருக்கும் தமிழருக்கும் பெரும் பங்குண்டு. தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையம் 1967-இல் இந்நகரில் தொடங்கப்பெற்றது. அதனை நிறுவி நடத்தியவர் து. ச. அமலோற்பவதாஸ் அடிகளார். 1968 முதல் 1971 வரை பெங்களூர்ப் பேராயராக இருந்து, பின்னர் 1985-இல் கர்தினாலாக உயர்ந்த லூர்துசாமி ஆண்டகை அவருடைய மூத்த சகோதரர். தென்னார்க்காட்டுக் கல்லேரியில் பிறந்த சகோதரர் இருவர் அவர்கள். காலணியைக் கழற்றி வைத்தல், தரையில் அமர்தல், கைகூப்பி வணங்குதல், மெழுகுவர்த்திக்கு ஈடாக எண்ணெய் விளக்கு ஏற்றுதல், ஆரத்தி எடுத்தல் முதலிய பன்னிரண்டு வகைத் தழுவல்களுக்கு 1969-இல் உரோமையின் இசைவு கிடைத்தது. அவற்றை எதிர்த்தோரும் உண்டு. எனினும் அவற்றுள் பல இன்று வியப்பூட்டாத வழக்கங்களாகிவிட்டன.

சடங்குக்கு இசைவு வந்தது. எந்த மொழி என்ற வினா நின்றது. இலத்தீன் விட்டுச் சென்ற இடத்தில் எந்த வட்டார மொழி அமர்வது? தண்டுப் பகுதி ஆலயங்களில் நிரம்பியிருந்தோர் தமிழர். நாடோ கன்னட நாடு. வழிபடுவோரின் தாய்மொழியைக் கேட்பதா, மண்ணின் மொழியைக் கேட்பதா? இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. தம் சொந்த மாநிலத்தின் தலைநகரில் தம் மொழியில் இறைவனைத் தொழ இடம் குறைந்திருக்கிறது என்று கன்னடக் கத்தோலிக்கர் வருந்தினர். தம் பாட்டன்மார் கல் சுமந்து கட்டிய கோவிலில் தம் மொழி சுருங்குகிறது என்று தமிழர் அஞ்சினர். எழுபதுகளிலிருந்து பல ஆண்டுகள் இப்பூசல் நீடித்தது, ஆர்ப்பாட்டங்களும் நடந்தன, பேராயர்கள் பலர் அடுத்தடுத்து இதற்கு விடை காண முயன்றனர். தழும்பு இன்னும் முழுவதும் மறையவில்லை.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இதில் ஒன்று புலப்படுகிறது. மத்திய அரசு அலுவலகத்தின் பெயர்ப் பலகையில் வட்டார மொழி முதலிலும், இந்தி அடுத்தும், ஆங்கிலம் மூன்றாவதாகவும் வருதல் வேண்டும் என்பது ஆணை. பலகைக்கு ஆணை போதும். அதன்முன் எவரும் கண்ணீர் விட்டு மன்றாடுவதில்லை. மகவை இழந்த தாய் மன்றாடும் மொழியை ஆணையினால் வரிசைப்படுத்த இயலாது. ஆகவே வழிபாட்டில் மொழிப் பங்கீடு என்பது எண்ணிக்கைக் கணக்கோடு முடிவதன்று. கூடியிருந்து திட்டமிட்டு, ஒருவர் குறையை ஒருவர் கேட்டு அமைக்கவேண்டிய ஒன்று.

இதற்குத் திருச்சபையின் தொடக்க நாள்களிலேயே முன்மாதிரி உண்டு. திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தைப் பாருங்கள். எருசலேமில் கிரேக்க மொழி பேசிய விசுவாசிகள், அன்றாடப் பந்தியில் தங்கள் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று எபிரேய மொழியினர்மீது முறையிட்டனர். திருத்தூதர்கள் முறையிட்டவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. ஏழு பேரைத் தேர்ந்து பந்தி விசாரிக்கும் பொறுப்பை ஒப்படைத்தனர். ஸ்தேவான், பிலிப்பு முதலாக அந்த எழுவர் பெயரும் கிரேக்கப் பெயர்களே. குறைப்பட்டவர் கையிலேயே அகப்பையைக் கொடுத்தனர் என்பது இதன் பொருள். பங்குப் பேரவை கூட்டும் எவரும் இதனை நினைவிற் கொள்ளலாம். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின்படி அப்பேரவை ஆலோசனை கூறும் அவையே. முடிவு பங்குக் குருவினுடையது. ஆயினும், சிறுபான்மை மொழியினர் இல்லாத அவையில் கூறப்படும் ஆலோசனை அரைகுறையாகவே இருக்கும்.

இனி, நடைமுறையைப் பார்ப்போம். சாதாரண ஞாயிறுகளில் மொழிக்கொரு திருப்பலி என்று அமைப்பது எளிது. ஒரு திருப்பலிக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். வெளியேறுவோரும் நுழைவோரும் வாயிலில் முட்டிக்கொள்ளாதிருக்கச் சிறிது இடைவெளி வேண்டும். முதியோர்க்கு விடியற்காலை ஏற்றது. மறைக்கல்வி வகுப்புக்கு வரும் சிறுவர்க்கு அதை ஒட்டிய நேரம் ஏற்றது. தமிழ்த் திருப்பலியை எப்பொழுதும் அதிகாலைக்கே ஒதுக்கினால் அது முதியோர் பூசையாகவே முடியும்; பேரப்பிள்ளைகள் எட்டரை மணி ஆங்கிலத் திருப்பலிக்குப் போய்விடுவர். மொழி தேய்வதற்கு இவ்வாறு நேரப்பட்டியலும் ஒரு காரணமாகலாம்.

கடினமான சோதனை புனித வாரத்தில் வருகிறது. பெரிய வியாழனன்று ஆண்டவரின் இராவுணவுத் திருப்பலியும், பெரிய வெள்ளியின் திருப்பாடுகளின் வழிபாடும், பாஸ்கா இரவின் திருவிழிப்பும் பொதுவாக ஒரு பங்கில் ஒரே முறை கொண்டாடப்பட வேண்டியவை. அன்று எல்லா மொழியினரும் ஒரே கூரையின்கீழ் நிற்பர். எந்த மொழி? சடங்கின் அமைப்பிலேயே இதற்கு வழி இருக்கிறது. திருவிழிப்பில் பழைய ஏற்பாட்டிலிருந்து ஏழு வாசகங்கள், திருமுகம் ஒன்று, நற்செய்தி ஒன்று, ஆக ஒன்பது உண்டு. பெரிய வெள்ளியன்று பொது மன்றாட்டுகள் பத்து. பல மொழியினர் பங்கிட்டுக்கொள்ள இவை தாராளமாகப் போதும். வியாழனன்று பாதம் கழுவப்படுவோரை ஒவ்வொரு மொழிக் குடும்பத்திலிருந்தும் அழைக்கலாம். பெண்களையும் அழைக்கலாம் என்று 2016-இல் உரோமை தெளிவாக்கிவிட்டது.

இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஒரே வாசகத்தை மூன்று மொழிகளில் திரும்பத் திரும்பப் படித்தால் எவர்க்கும் நிறைவு வாராது, களைப்பே மிஞ்சும். ஒரு வாசகம் ஒரு மொழியில் போதும். பிற மொழியினர் கையில் அச்சிட்ட தாள் இருக்கட்டும். அடுத்து, குரு பீடத்தில் சொல்லும் நற்கருணை மன்றாட்டை நடுவில் மொழி மாற்றி உடைக்கலாகாது. அது தொடக்கமுதல் முடிவுவரை ஒரே மூச்சாகச் செல்லவேண்டிய செபம். அயல்மொழியைச் சேர்க்கத் தகுந்த இடம் பதிலுரைப் பாடலின் பல்லவி. அது குறுகியது, பாடகர் ஒருமுறை பாடினால் சபை மறுமுறை பாடிவிடும். தமிழர் கன்னடப் பல்லவியையும் கன்னடர் தமிழ்ப் பல்லவியையும் பாடப் பழகுவதற்கு அதைவிட எளிய பள்ளி இல்லை.

இவை யாவும் அன்று காலையில் தோன்றும் யோசனையால் நிறைவேறுவன அல்ல. பங்குக் குருவும், பாடகர் குழுத் தலைவரும், வாசகர்களும், பீடச் சிறுவரைப் பழக்குபவரும் சில வாரங்களுக்கு முன்பே கூடவேண்டும். முதலில் அந்நாளின் வாசகங்களைப் படித்தல் வேண்டும். ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுற்றில் அமைந்தவை. முதலாண்டு மத்தேயு, அடுத்து மாற்கு, மூன்றாவது லூக்கா. வாசகத்தின் பொருளிலிருந்து மறையுரையும், அதிலிருந்து பாடலும், அதிலிருந்து மன்றாட்டும் பிறக்கவேண்டும். பாடகருக்குத் தெரிந்த பாடலை முதலில் எடுத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கேற்ப வளைப்பது தலைகீழான முறை.

வாசிப்பவர் தேர்வில் நமக்கொரு தனிக் கடமை உண்டு. பெங்களூரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுள் பலர் தமிழ் பேசுவர்; எழுத்துக் கூட்டிப் படிக்கத் தயங்குவர். பாடல்களை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பாடும் இளைஞரும் உளர். அவர்களை ஒதுக்கிவிட்டு நன்கு படிக்கும் பெரியவரையே ஞாயிறுதோறும் மேடையேற்றினால் வழிபாடு பிழையின்றி நடக்கும். அடுத்த தலைமுறை பின்வரிசையில் வாளாவிருக்கும். வாசகத்தை இரண்டு வாரம் முன்னதாகவே ஒரு சிறுமியிடம் கொடுத்து, வீட்டில் பாட்டியாரிடம் படித்துக் காட்டச் செய்யலாம். பாட்டியார் 'சுவிசேஷம்' என்பார். பேத்தி 'நற்செய்தி' என்பாள். அவர் 'ஞானஸ்நானம்' என்பதை இவள் 'திருமுழுக்கு' என்பாள். இரண்டும் நம் சொற்களே. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்புத் திருவிவிலியத்தின் நடை பழகியோர், பழஞ்சொல் கேட்டு நகைக்க வேண்டுவதில்லை. 'பலிபூசை' என்ற நம் பழைய சொல்லே இன்றும் கன்னடத்தில் 'பலிபூஜெ' என்று வழங்குகிறது. நாம் புதுக்கிவிட்ட சொல்லை அண்டைவீட்டார் காத்து வைத்திருக்கின்றனர்.

எந்த மொழிபெயர்ப்பாளரும் தொடாமல் விட்ட சில சொற்கள் திருப்பலியில் உண்டு. 'ஆமென்', 'அல்லேலூயா', 'ஓசன்னா' என்பன எபிரேய வழி வந்தவை.  இவை தமிழருக்கும் தாய்மொழி அல்ல; கன்னடருக்கும் அல்ல; கொங்கணி பேசுவோர்க்கும் அல்ல. அதனால் எல்லோரும் ஒன்றாக நின்று இவற்றைக் கூசாமல் சொல்கிறோம். எத்தனை பூசல் நிகழ்ந்த ஆண்டாயினும் 'ஆமென்' என்ற சொல்லில் மட்டும் சபை பிரிந்ததில்லை.

வெளிமாநிலத்தில் வாழும் நாம் நம் மொழியில் தொழ இடம் கேட்பது முறையே. கேட்கும்பொழுது, அந்நாட்டு மொழியில் நான்கு பல்லவியாவது பாடக் கற்றுக்கொண்டு கேட்பது இன்னும் முறை. அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் நேரப்பட்டியல் வரும்போது, நமக்கு எத்தனை மணி கிடைத்தது என்று பார்ப்பதோடு, யாருக்கு ஒரு மணியும் கிடைக்கவில்லை என்றும் பார்ப்போமாக. பங்கு என்ற சொல்லின் பொருள் அப்பொழுதுதான் நிறைவடையும்.