பகலிலும் படிக்கலாம் வானத்தை
(சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



எங்கள் வகுப்பிலிருந்து மருத்துவத் துறைக்குச் சென்றவர்கள் சார்பில் இங்கே பேச வந்திருக்கிறோம். மருத்துவர்கள் மேடையேறினால் நீரிழிவும் குருதியமுக்கமும்தான் பேசுவார்கள் என்று நினைத்திருப்பீர்கள். இன்று அவற்றுக்கு விடுமுறை. விண்வெளியில் இயங்கும் அவதான நிலையங்களைப் பற்றியும், அவை நம் பெண்பிள்ளைகளுக்குத் திறந்துவிட்ட வழியைப் பற்றியும் பேச விரும்புகிறோம்.

அந்த நிலையங்களுள் ஒன்று எங்கள் தொழிலுக்கு நெருங்கிய உறவு. நெஞ்சைத் திறக்காமலே நுரையீரலைப் பார்க்க நாங்கள் எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கிறோம். வானத்திலே கோடிக்கணக்கான பாகை வெப்பமுள்ள வாயுவும், கருந்துளைகளைச் சுற்றிச் சுழலும் பொருளும் தாமாகவே எக்ஸ் கதிர்களை வீசுகின்றன. ஆனால் நிலத்தில் நின்று அவற்றைப் பிடிக்க முடியாது. நமக்கு மேலுள்ள காற்று முழுவதும் சேர்ந்தால் சுமார் 10 மீற்றர் ஆழமான நீரின் நிறைக்குச் சமன். நிரம்பிய கிணற்றின் அடியில் இருந்துகொண்டு படம் எடுப்பது போன்ற நிலைமை அது. அந்தத் தடுப்பு நம் உயிரைக் காக்கிறது. வானியலாளரின் கண்ணை மறைக்கிறது. ஆகவே கருவியைக் காற்றுக்கு மேலே கொண்டுபோக வேண்டியிருந்தது.

1999 யூலை 23ஆம் திகதி கொலம்பியா விண்ணோடம் ‘சந்திரா’ எக்ஸ் கதிர் அவதான நிலையத்தைச் சுமந்து சென்றது. அந்தப் பயணத்துக்குத் தலைமை தாங்கியவர் ஐலீன் கொலின்ஸ். விண்ணோடம் ஒன்றின் தளபதியான முதற் பெண் அவரே. எக்ஸ் கதிர் ஓர் ஆடியில் நேராகப் பட்டால் தெறிக்காது, உள்ளே புகுந்துவிடும். தட்டையான கல்லைக் குளத்தின்மேல் சாய்வாக எறிந்தால் தத்திச் செல்லுமல்லவா? அதேபோலக் கதிர் மிகச் சிறிய கோணத்தில் தொட்டுத் திரும்பும்படி, குழாய் வடிவ ஆடிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அமைத்தார்கள். 5 ஆண்டுகளுக்கென்று அனுப்பப்பட்ட அந்த நிலையம் 25 ஆண்டுகளைக் கடந்தும் உழைத்தது.

அதற்குப் பெயர் வைக்க நாசா ஒரு போட்டி நடத்தியது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஒரு பள்ளி மாணவரும், கலிபோர்னியாவில் ஓர் ஆசிரியையும் முன்மொழிந்த பெயரே வென்றது. அது தமிழரான சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த அவர் 1930இல், தம் 19ஆவது வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். எரிபொருள் தீர்ந்த விண்மீனுக்கு என்ன ஆகும் என்ற கணக்கைக் கப்பலிலேயே போட்டார். எஞ்சிய கருவின் திணிவு சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கைத் தாண்டினால், அது வெண்குறுமீனாக அடங்கி நிற்க முடியாது. மேலும் இடிந்து சுருங்கியே ஆகவேண்டும். 1935இல் புகழ்பெற்ற அறிஞர் எடிங்டன் அதைச் சபை நடுவே மறுத்தார். சந்திரசேகர் தம் வேலையைத் தொடர்ந்தார். 1983இல் நோபல் பரிசு வந்தது.

இந்தக் கதையில் நாம் மறக்கக்கூடாத ஒருவர் அவருடைய தாயார் சீதாலட்சுமி. இப்சனின் ‘பொம்மை வீடு’ நாடகத்தைத் தமிழாக்கியவர். மகன் புறப்படும் வேளையில் கடும் நோயாளியாக இருந்தார். ஆயினும் போய்ப் படி என்றே அனுப்பிவைத்தார். அடுத்த ஆண்டே காலமானார். மகனை அவர் மீண்டும் பார்க்கவில்லை.

சந்திரா கண்டவற்றுள் ஒன்றை மட்டும் சொல்கிறோம். குவாசர் என்பது ஒரு விண்மீன் கூட்டத்தின் நடுவே பெருங்கருந்துளை ஒன்று வாயுவை விழுங்கும்போது எழும் பேரொளி. விண்மீன்கள் இடிந்து உண்டாகும் சிறிய கருந்துளைகள் அத்தனை பெரிதாக வளரக் காலம் வேண்டும். ஆனால் பிரபஞ்சத்தின் இளம் பருவத்திலேயே குவாசர்கள் காணப்பட்டன. இது எப்படி? சில கருந்துளைகள் வாயு முகில் நேராக இடிந்து, பிறக்கும்போதே பெரிதாகப் பிறந்திருக்கலாம் என்ற கருத்தை வளர்த்தவர்களுள் முக்கியமானவர் பிரியம்வதா நடராஜன். கோயம்புத்தூரில் பிறந்து, தில்லியில் வளர்ந்து, யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியையாக இருப்பவர். அத்தகைய ஒரு விண்மீன் கூட்டம் எப்படித் தோன்றும் என்று அவரும் சகாக்களும் 2017இல் எழுதிவைத்தார்கள். 2021 டிசம்பரில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைகாட்டியும் சந்திராவும் சேர்ந்து அதைக் கண்டது 2023இல் வெளியானது. பெருவெடிப்புக்கு வெறும் 47 கோடி ஆண்டுகளுக்குப் பிந்திய காட்சி அது. தமிழரின் பெயர் தாங்கிய கருவி, தமிழ்ப் பெண்ணொருவரின் கணிப்புக்குச் சான்று தேடித் தந்தது.

கோள்களைத் தேடியதும் எங்களுக்குப் பழக்கமான முறையில்தான். நாங்கள் நாடி பார்ப்பதுபோல, 2009இல் ஏவப்பட்ட கெப்ளர் தொலைகாட்டி விண்மீன்களின் ஒளியை இடைவிடாமல் பார்த்திருந்தது. கோள் ஒன்று குறுக்கே போனால் ஒளி சற்றுக் குறையும். ஒழுங்கான இடைவெளியில் மீண்டும் குறையும். சூரியன் போன்ற விண்மீனைப் பூமியளவு கோள் மறைத்தால் குறைவது ஏறத்தாழ 10,000இல் ஒரு பங்கு. நிலத்திலிருந்து பார்த்தால் விண்மீனின் மினுக்கத்திலேயே அது தொலைந்துவிடும். காற்றுக்கு அப்பால் நின்ற கெப்ளரின் பதிவுகளிலிருந்து 2,600க்கும் மேற்பட்ட கோள்கள் கண்டறியப்பட்டன.

இதையெல்லாம் இந்த மண்டபத்தில் ஏன் சொல்கிறோம்? யாழ்ப்பாணத்துக்கு வானியல் புதிதல்ல. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் வானியல் பாடமாக இருந்தது. ஆனால் அந்த வகுப்பில் இருந்தவர்கள் ஆண்பிள்ளைகள். வானியல் இரவின் வேலை, மலையுச்சியின் வேலை. அமெரிக்காவிலேயே பாலோமர் மலைத் தொலைகாட்டியில் அவதானிக்க ஒரு பெண்ணுக்கு முறைப்படி அனுமதி கிடைத்தது 1965இல்தான். அவர் வீரா ரூபின். நம்மூரிலோ விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்னே பெண்பிள்ளை வீட்டுக்கு வந்துவிட வேண்டும். மின்சாரமில்லாத தொண்ணூறுகளில் எங்களுக்கு மிகத் தெளிவான வானம் வாய்த்தது. ஜாம் போத்தல் விளக்கை அணைத்தால் முற்றத்துக்கு மேலே பால்வீதி தெரியும். நாங்கள் அண்ணாந்து பார்த்ததோ பெரும்பாலும் விமானச் சத்தம் கேட்டுத்தான்.

விண்வெளி நிலையங்கள் அந்தப் பழைய வாசலை இல்லாமற் செய்துவிட்டன. அங்கே எவரும் இரவில் கண்விழித்து நிற்பதில்லை. பதிவுகள் எண்களாகப் பூமிக்கு வருகின்றன. முதலில் கேட்ட ஆய்வாளருக்குரிய காலம் முடிந்ததும் சந்திராவின் பதிவுகள் எல்லோருக்கும் திறக்கப்படுகின்றன. அவற்றைப் பார்க்கும் மென்பொருளும் இலவசம். இந்தியா 2015 செப்டெம்பரில் ஏவிய அஸ்ட்ரோசாட் செய்மதியின் பதிவுகளும் பொதுவில் கிடைக்கின்றன. நம் கணினி அறையிலே, பட்டப்பகலில், சீருடையோடு இருந்து ஒரு மாணவி ஒரு குவாசரின் எக்ஸ் கதிர்ப் படத்தைத் திறக்கலாம்.

இனித் தடுப்பது இரவல்ல, வீட்டுப் பேச்சு. சாதாரண தரப் பெறுபேறு வந்த அன்றே, “பயோதானே செய்யப் போறாய்?” என்று கேட்கிறோம். கணிதமும் பௌதிகவியலும் விருப்பமான பிள்ளைக்கு அந்தக் கேள்வியிலேயே வழி அடைபட்டுப் போகிறது. மருத்துவர்களாகிய எங்கள் வாயிலிருந்தே இது வரட்டும்: ஊருக்கு மருத்துவர்கள் வேண்டும், கெட்டிக்காரப் பிள்ளைகள் எல்லோரும் மருத்துவர்களாக வேண்டியதில்லை.

சங்கத்திடம் எங்கள் வேண்டுகோள் சிறியது. நூற்றாண்டு நினைவாகக் கட்டடங்கள் எழும்பட்டும். அதோடு சனிக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் கணினி அறையைத் திறந்து வைப்போம். பௌதிகவியல் படித்த பழைய மாணவியர் உலகின் எந்த மூலையில் இருந்தாலும் இணையவழி வந்து பிள்ளைகளோடு இருக்கட்டும். முதலாவது கணினிக்கான செலவை எங்கள் வகுப்பு ஏற்கிறது. பெற்றோரிடம் கேட்பது ஒன்றுதான்: பிள்ளையை அனுப்பி வையுங்கள்.