சிபாப் அழுத்தம்: நான் செய்த தவறை நீங்கள் செய்யாதீர்கள்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் மருத்துவர் அல்ல. வங்கியில் கணக்கு எழுதிக் காலம் தள்ளியவன். நான்கு ஆண்டுகளாக மூச்சுக் கருவி மாட்டிக்கொண்டு தூங்குகிறேன். நம் தெருக்களில் இன்னும் சிலர் வீட்டிலும் இந்தக் கருவி இருக்கிறது. அதில் பாதி பீரோவுக்குள் இருக்கிறது. அதனால்தான் பேச வந்தேன்.

குறட்டை விட்டால் நல்ல தூக்கம் என்று நினைக்கிறோம். தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதை அடைபடுவதுதான் ஸ்லீப் ஆப்னியா. சில விநாடிகள் மூச்சு நிற்கும், பிறகு திணறலோடு திரும்பும். நமக்குத் தெரியாது, பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும். என் மனைவி பல இரவுகள் தூங்காமல் என் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

'டிஸ்கோ டான்சர்' படத்துக்கு இசையமைத்த பப்பி லஹரி 2022 பிப்ரவரியில் மும்பையில் காலமானார். மருத்துவர்கள் சொன்ன காரணங்களில் இந்த நோயும் ஒன்று. ஆகவே இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை.

1981-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர், மூக்கு வழியாகக் காற்றைச் சீரான அழுத்தத்தில் செலுத்தினால் தொண்டை அடைபடாது என்று ஐந்து நோயாளிகளிடம் நிரூபித்தார். அதற்கு முன் நோய் கடுமையானால் தொண்டையில் துளையிடுவதுதான் வழி. அவர் அன்று கொடுத்த அழுத்தம் 4.5 முதல் 10 வரை. இன்றைய கருவிகளில் பொதுவாக 4 முதல் 20 வரை வைக்கலாம்.

இந்த எண் என்ன? தண்ணீரின் ஆழம், சென்டிமீட்டரில். ஒரு ஸ்ட்ராவைத் தண்ணீரில் 10 சென்டிமீட்டர் ஆழம் விட்டு ஊதுங்கள். குமிழி வர எவ்வளவு ஊத வேண்டுமோ அதுதான் 10. கார் டயரில் 30 பவுண்டு காற்று அடிக்கிறோமே, அது இதைப்போல் சுமார் 200 மடங்கு. ஆகவே நுரையீரல் வெடித்துவிடுமோ என்ற பயம் வேண்டாம்.

இனி என் கதை. பரிசோதனைக்குப் பிறகு எனக்கு 9 வைத்துக் கொடுத்தார்கள். சில மாதம் நன்றாக இருந்தது. பிறகு பகலில் மறுபடி தூக்கம், காலையில் தலைவலி. கருவியின் திரையில் ஒரு எண் வரும். மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைபட்டது என்ற கணக்கு அது. 5-க்குக் கீழே இருந்தால் நல்லது. எனக்கு 11 காட்டியது. அழுத்தம் போதவில்லை என்று நானே முடிவு செய்தேன். டெக்னீஷியனுக்கான மெனுவை எப்படித் திறப்பது என்று செல்போனில் பார்த்து 13 ஆக்கினேன்.

வயிறு உப்பியது, ஓயாத ஏப்பம். மாஸ்க்கின் ஓரத்தில் காற்று கசிந்து கண் சிவந்தது. எண் 14 ஆனது. கருவியைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

மனைவி வற்புறுத்தியதால் மருத்துவரிடம் போனேன். கருவியின் கார்டைப் பார்த்துவிட்டு, "சார், அழுத்தத்தில் குறை இல்லை, மாஸ்க்கில்தான் கசிவு" என்றார். மாஸ்க்கின் ரப்பர் நைந்துபோயிருந்தது. அதை மாற்றி, அழுத்தத்தைப் பழையபடி 9 ஆக்கினார்கள். எண் 3-க்கு வந்தது.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வங்கியில் மாலையில் கணக்கு டேலி ஆகவில்லை என்றால், வித்தியாசத்தை எங்காவது கூட்டிச் சரிக்கட்ட மாட்டோம். எந்த வவுச்சரில் பிழை என்று தேடுவோம். வீட்டில் நான் செய்ததோ சரிக்கட்டும் வேலை.

ஆகவே எண் கூடினால் முதலில் கசிவைப் பாருங்கள். அடுத்து மூக்கடைப்பு. நம் கப்பலூரில் தொழிற்பேட்டைப் புழுதியும் லாரிப் புழுதியும் உண்டு, ஃபில்டர் சீக்கிரம் கறுத்துவிடும். மல்லாந்து படுப்பது, மது, தூக்க மாத்திரை ஆகியவையும் எண்ணைக் கூட்டும். ஒரு தாளில் தேதி, எண், கசிவு, காலையில் உடல் எப்படி இருந்தது என்று இரண்டு வாரம் எழுதி, அதை மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆரம்பத்தில் குறைவாகத் தொடங்கி மெல்ல ஏறும் 'ராம்ப்', மூச்சு விடும்போது அழுத்தத்தைத் தளர்த்தும் வசதி, ஈரப்பதம் ஆகியவற்றை நீங்களே மாற்றிப் பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முக்கிய அழுத்தத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். அதிகமானால் சிலருக்கு, தொண்டை திறந்திருந்தும் மூளை மூச்சு விடச் சொல்லாமல் நின்றுவிடும்.

அதேபோல், ஒருமுறை வைத்த எண் ஆயுளுக்கும் என்று இருந்துவிடாதீர்கள். எடை நன்றாகக் கூடினாலோ குறைந்தாலோ தேவையும் மாறும். அப்போது மறுபரிசோதனை கேளுங்கள். தானாகவே அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவிக்கும் கீழ் எல்லை, மேல் எல்லையை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

பீரோவில் வைத்திருப்பவர்கள் இன்றே வெளியே எடுங்கள். மாஸ்க் சரியில்லையா என்று பார்க்க நான் வீட்டுக்கு வருகிறேன். அழுத்தத்தை மாற்ற மட்டும் என்னைக் கூப்பிடாதீர்கள்!

என் மனைவி இப்போது நிம்மதியாகத் தூங்குகிறாள்.