முதலில் படிப்பது யார்?



பக்கத்து வீட்டுத் தம்பி கம்ப்யூட்டர் படிப்பு முடித்தவன். ராத்திரி பதினொரு மணிக்கு ஆன்லைனில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்தான். ஐந்தே நிமிஷத்தில் பதில்: "வருந்துகிறோம்."

"அந்த நேரத்தில் யார் மாமா உட்கார்ந்து படித்தார்கள்?" என்று கேட்டான்.

யாரும் படிக்கவில்லை. பல பெரிய கம்பெனிகளில் விண்ணப்பத்தை முதலில் பார்ப்பது மனிதர் இல்லை, மென்பொருள். மாவு சலிக்கிற சல்லடை மாதிரி. விளம்பரத்தில் கேட்ட சொல் உங்கள் ரெஸ்யூமில் இருக்கிறதா என்று தேடும்.

தம்பியின் ரெஸ்யூமை வாங்கிப் பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது! 'ஜாவா', 'பைத்தான்' எல்லாம் வண்ணப் படத்துக்குள். படத்துக்குள் இருக்கும் எழுத்து பல மென்பொருள்களின் கண்ணில் படாது.

அதனால், படம் வேண்டாம். கட்டம் வேண்டாம். எளிமையாக எழுதுங்கள். கம்பெனி கேட்கிற திறமை உங்களிடம் இருந்தால், விளம்பரத்தில் உள்ள அதே சொல்லால் எழுதுங்கள். இல்லாததை எழுதாதீர்கள். சல்லடைக்கு அந்தப் பக்கம் மனிதர் இருக்கிறார், கேள்வி கேட்பார்.

தம்பியிடம் சொன்னேன்: "சல்லடையில் தங்கினது நீ இல்லைப்பா, உன் காகிதம்தான். காகிதத்தை மாற்றிவிடலாம்."